றபானைக் கூண்டில் ஏற்றிய தீர்ப்பாளருக்கு

கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் றபான் என்ற தோற்கருவி ஒலிப்பதும், நோன்பில் பாவாமார் அதைத் தட்டிக்கொண்டு ஸஹருக்கு எழுப்ப வருவதும் ‘கோயிலிலிருந்து ஒட்டிய அழுக்கு’ என்று ஒரு கட்டுரையாளர் தீர்ப்பெழுதி, சாட்சிக்குப் பிரேசிலை அழைத்திருக்கிறார். வரிப்பத்தான்சேனைக்காரன் எவன் அவ்வளவு தூரம் போய்ச் சரிபார்ப்பான் என்ற தைரியம்!

கோயிலின் சொத்தாக இருந்த றபான் இரண்டு பந்தி தள்ளி ‘ஈராக்கிலிருந்து வந்த ரிபாயிகளின் பித்அத்’ ஆகிவிடுகிறது. கோயிலா, ஈராக்கா? ஒன்றில் நில்லுங்கள் ஐயா. 1182இல் மறைந்த அஹ்மதுல் கபீர் ரிபாயியின் வழிவந்த பக்கீர்மார் றாத்திபில் தட்டும் இந்த றபான் தப் இனத்துக் கருவி. மணவீட்டில் சிறுமியர் தப் அடித்து, பத்ரில் மாண்டோரைப் பாடியதை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார் என்று ஒருத்தி பாடியபோது, அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். வரி திருத்தப்பட்டது, தோல் கிழிக்கப்படவில்லை. அது கல்யாணத்துக்கு மட்டும் என்பாராயின், குற்றம் கருவியில் இல்லை, தருணத்தில்தான் என்றாகிறது. கோயில் வாதம் அங்கேயே மையித்து.

அடுத்து அவரது மகுட வாதம்: யொரூபா அடிமைகள் கொண்டுபோன தாளம் பிரேசிலின் கன்டொம்ப்ளே வழிபாட்டில் ஒரிஷா தெய்வங்களை இறக்குகிறது, ஆகவே தாளத்துக்குள்ளேயே ஷிர்க் குடியிருக்கிறதாம். முற்பாதி மெய்தான். சல்வடோர் நகரின் வழிபாட்டு மனைகளில் ரும், ரும்பி, லே என்ற மூன்று முரசுகள் முழங்கும். அலுஜா அடி விழுந்தால் அது ஷாங்கோ என்ற ஒரிஷாவுக்கு. ஆனால் அதே சல்வடோரில் 1835 றமழானில் மூண்ட அடிமைக் கிளர்ச்சியின் முன்னணியில் யொரூபா முஸ்லிம்கள் நின்றதை ஏன் விழுங்கினார்? நைஜீரியாவிலோ யொரூபா முஸ்லிம் இளைஞர் கொட்டி முழக்கித்தான் ஸஹருக்கு ஊரை எழுப்பினார்கள். வேரே என்ற அந்த ஸஹர்ப் பாட்டு மரபிலிருந்துதான் சிகிரு அயிண்டே பாரிஸ்டரின் ஃபுஜி இசை கிளைத்தது. ஒரே இனத்தார் ஓரிடத்தில் ஒரிஷாவை அழைக்கவும், இன்னோரிடத்தில் நோன்பாளியை எழுப்பவும் தோலைத் தட்டியிருக்க, தாளத்தின் கழுத்தில் மதத்தைக் கட்டுவது எந்த மத்ஹபின் தர்க்கம்?

பிரேசிலை அழைத்தவர் இதையும் கேட்கட்டும்: சல்வடோர் இருக்கும் பஹியா மாநிலத்தில் கன்டொம்ப்ளே முரசுகளைப் பொலிஸ் பறித்த காலம் உண்டு, சடங்கு நடத்தப் பொலிஸ் அனுமதி வேண்டுமென்ற விதி 1976இல்தான் நீங்கியது. நம்மவர் தேடும் முன்மாதிரி அந்தப் பொலிஸ் நிலையத்தில்தான் கிடைக்கும்.

உண்மையில் அவருக்கு உறுத்துவது தோலின் ஓசையா? ‘வாத்தியமில்லா நஷீத்’ என்ற பெயரில், வாயொலியைக் கணினியில் போட்டு முரசாக்கிய பாட்டைக் காதில் செருகிக்கொண்டு பரவசப்படும் கூட்டத்துக்குத்தானே அவர் எழுதுகிறார்? அந்த ‘டும் டும்’ ஹலால். பச்சைத் தலைப்பாகையோடு வாசலில் நின்று, பெருநாளைக்குப் பத்தோ நூறோ வாங்கிப்போகும் பாவாவின் ‘டும் டும்’ அழுக்கு! ஃபிக்ஹ் கிதாபுகளில் ஹராம், மக்ரூஹ், முபாஹ் என்றெல்லாம் தரம் உண்டு. ‘ஏழையின் கை பட்டது’ என்ற தரம் எந்தக் கிதாபில், எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறதென்று அடுத்த கட்டுரையிலாவது எழுதட்டும்.