மோட்டார்ஹோமை மூடலாம், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்

அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றியறிதல் நாள் விடுமுறை முடிந்ததும் கனடாவின் ஒன்டாரியோ, அல்பெர்ட்டா போன்ற மாகாணங்களில் மோட்டார்ஹோம்கள் ஓய்வுக்குப் போகத் தொடங்குகின்றன. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் உள்ளேயே கொண்ட இந்த வண்டிகள் வசந்தம் வரும்வரை வீட்டு முற்றத்திலோ வாடகைத் திடலிலோ நிற்கும். தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தயக்கமெல்லாம் கூரையில் சோலார் பேனல் பொருத்தியவர்களுக்குத்தான். உறை போட்டு மூடினால் பேனலுக்கு வெயில் கிடைக்காது, பேட்டரி செத்துவிடும். மூடாவிட்டால் குளிர்காலம் முழுவதும் பனி கூரை மேல் கிடக்கும். இரண்டில் பேட்டரிதான் முக்கியம் என்று கருதி வண்டியைத் திறந்தே நிறுத்துவது தவறான கணக்கு என்பது என் வாதம். கடுங்குளிர் நிலங்களில் பேட்டரியைப் பேனல் காப்பாற்றுவதில்லை. முறையாக நிறுத்திவைத்த பேட்டரிக்கு அந்தக் காப்பு தேவையும் இல்லை.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் டொரண்டோவில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. எட்மண்டனில் 13 டிகிரிதான். மோட்டார்ஹோமின் பேனலோ கூரையோடு கூரையாகப் படுத்திருக்கிறது. சூரியனை நேராகப் பார்க்கும் பேனலின் மேல் விழும் நேர்க்கதிரோடு ஒப்பிட்டால், படுத்த பேனலுக்கு டொரண்டோவில் நண்பகலிலேயே 40 சதவீதத்துக்கும் குறைவாகவும், எட்மண்டனில் கால் பங்குக்கும் குறைவாகவும்தான் கிடைக்கும். குளிரில் பேனல் நன்றாக வேலை செய்யும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் திறன் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரி சோதனை அளவிலிருந்து மைனஸ் 15-க்கு இறங்கினால் 12 முதல் 16 சதவீதம் வரை லாபம். பாதிக்கு மேல் போன இடத்தில் இந்த லாபம் எந்த மூலைக்கு? இதெல்லாம் வானம் தெளிந்து, பேனல் சுத்தமாக இருக்கும் நாளின் கணக்கு. சரிவான வீட்டுக் கூரையில் பனி வழுக்கி விழும். தட்டையான வண்டிக் கூரையில் அப்படியே கிடக்கும். சில அங்குலப் பனி படிந்தாலே மின்சாரம் ஏறக்குறைய நின்றுவிடும். மூட வேண்டாம் என்று நாம் முடிவெடுத்தாலும் பனி மூடிவிடுகிறது.

இனி பேட்டரிக்கு என்ன வேண்டும் என்று பார்க்கலாம். முழுதாக சார்ஜ் ஏறிய ஈய-அமில பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். முழுதாக வடிந்த பேட்டரியில் அது மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்து, கூடு வெடிக்கக்கூடும். ஆகவே நிரம்பிய பேட்டரிக்குக் குளிர் எதிரி அல்ல. வடிந்த பேட்டரிக்குத்தான் ஆபத்து. எதனால் வடிகிறது? சாதாரண வெப்பநிலையில் தானாக இழப்பது மாதம் 5 சதவீதம் என்று கூடுதலாகவே வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத்தில் 30 சதவீதம்தான் போகும். குளிரில் அந்த இழப்பு இன்னும் மெதுவாகவே நடக்கும். மிச்சத்தைத் தின்பவை எரிவாயுக் கசிவு உணர்கருவி, வானொலியின் நினைவகம், குளிர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை போன்ற ஓயாத சில்லறைச் செலவுகள். எல்லாம் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி, 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு வாரத்துக்குள் காலி. பேனல் இருட்டில் கிடக்கும்போது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரும் தன் பங்குக்குச் சிறிது எடுத்துக்கொள்ளும். இந்த ஓட்டையை அடைக்க பேனல் தேவையில்லை. எரிவாயு உருளையின் வால்வை இறுக மூடிவிட்டு, ஆள் தங்காத வண்டியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவைத்தால் போதும்.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வாதம் இன்னும் பலமாகவே பொருந்தும். மோட்டார்ஹோம்களில் இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். அதனால்தான் அதன் காவல் மின்சுற்று கடுங்குளிரில் சார்ஜைத் தடுத்துவிடுகிறது. பேனல் பளிச்சென்று வெயிலில் இருந்தாலும் ஜனவரியில் அந்த மின்சாரம் பேட்டரிக்குள் நுழையாது. பாதி அளவு சார்ஜோடு கழற்றி வைத்தால் அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மோட்டார்ஹோமில் எஞ்சினைக் கிளப்பத் தனி பேட்டரி உண்டு. பல வண்டிகளில் கூரை பேனல் வீட்டுப் பகுதி பேட்டரியோடு மட்டுமே இணைந்திருக்கும். பேனலை நம்பிக் கூரையைத் திறந்து வைத்தவருக்கும் வசந்தத்தில் எஞ்சின் கிளம்பாமல் போகலாம்.

உண்மையில் பாதுகாப்பு தேவைப்படுவது கூரைக்குத்தான். நல்ல கண்ணாடி பேனல்கள் மைனஸ் 40 டிகிரி வரையிலான குளிருக்கும், 25 மில்லிமீட்டர் ஆலங்கட்டி மோதலுக்கும், பனியின் எடைக்கும் சோதிக்கப்பட்டவை. ஆனால் அவற்றைப் பொருத்துவதற்காகக் கூரையில் போட்ட திருகு ஓட்டைகளும், கம்பி இறங்கும் துளையும், அவற்றைச் சுற்றிப் பூசிய பிசினும் அப்படிச் சோதிக்கப்பட்டவை அல்ல. பிசினில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் உருகிய நீர் அதில் இறங்கும். இரவில் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து விரிசலைப் பெரிதாக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். உள்ளே ஒட்டுப்பலகை ஊறி உப்புவது தெரியவரும்போது செலவு பேட்டரியின் விலையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். பேனல் பொருத்திய கூரையில் துளைகள் அதிகம் என்பதால், பேனலைக் காரணம் காட்டிக் கூரையைத் திறந்து விடுவது தலைகீழான தர்க்கம்.

எதிர்வாதங்கள் எல்லாமே வெறுமையானவை அல்ல. உறையின் கீழ் பேனல் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. முழுதாக மூடிய பேனல் மின்சாரம் தராமல் சும்மா இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இணைப்பைத் துண்டிக்கும்போது முதலில் பேனலையும் பிறகு பேட்டரியையும் கழற்ற வேண்டும். பேட்டரி இல்லாத கன்ட்ரோலருக்குள் பேனலின் மின்சாரம் பாய விடக் கூடாது. உறையே வண்டியைக் கெடுக்கும் என்பவர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. நீல நிற பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துப் பூஞ்சை வளர்க்கும். காற்றில் படபடத்துப் பெயின்டைத் தேய்க்கும். பேனலின் அலுமினியச் சட்ட மூலைகள் அதையும் கிழித்துவிடும். ஆகவே காற்றுப் போகும் துணி உறை வேண்டும். மூலைகளுக்கு நுரைப்பஞ்சு கட்ட வேண்டும். உறையை இறுகக் கட்ட வேண்டும். பலத்த காற்று வீசும் திறந்த திடலில் உறையை இறுக்கி நிறுத்த வழியில்லை என்றால் மூடாமல் விடுவதே மேல். வான்கூவர் போல கடுங்குளிர் அரிதான கரையோரத்தில், உரிமையாளர் அடிக்கடி போய்ப் பார்க்க முடியும் என்றால், பேனலைத் திறந்து வைப்பதிலும் தவறில்லை. மார்ச் கடைசியில் சூரியன் மேலேறி, பனியும் விலகியபின் உறையை எடுத்துவிட்டால் பேனல் உண்மையாகவே உதவத் தொடங்கும். பனி விழுந்ததும் தட்டிவிட்டால் போகிறது என்பது மட்டும் ஏற்க முடியாத வாதம். பனி உறைந்து வழுக்கும் கூரையில் ஏணி வைத்து ஏறுவதை, சில ஆம்பியர்-மணி மின்சாரத்துக்காக யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

இந்தக் குழப்பத்தை உரிமையாளரின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. வண்டியில் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தாலும், பேனலின் கம்பியை அதைத் தாண்டி நேரே பேட்டரியில் இணைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சுவிட்சை அணைத்த உரிமையாளர் எல்லாம் நின்றுவிட்டதாக நம்பிப் போகிறார். பேனல் பொருத்திக் கொடுப்பவர்கள் பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு சுவிட்ச் வைத்து, எதை முதலில் அணைப்பது என்று அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். விற்பவர்கள் பேட்டரியைச் சோலார் பார்த்துக்கொள்ளும் என்ற வாக்குறுதியோடு, எந்த மாதங்களில் பார்த்துக்கொள்ளாது என்பதையும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால், வண்டியை மூடலாமா என்ற கேள்வியில் பேட்டரிக்கு இடமே இருக்காது. கூரையின் நிலையையும் திடலில் வீசும் காற்றையும் மட்டும் பார்த்து உரிமையாளர் முடிவெடுக்கலாம்.