தோற்றவர் குற்றவாளியல்ல

ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பறையடிப்பதையும் தோல் பதனிடுவதையும் திறமையென்று ஒப்பாத சமூகத்தில், அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டியே இணையச் சூதாட்ட நிறுவனங்கள் பிழைத்தன. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது என்று 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு விதி போட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் ஏறின, தோற்றன.

ஆகஸ்டில் நிறைவேறிய ஒன்றியச் சட்டம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டையே தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை.

தோழர்களே, இந்தக் கடைசி வரியை நம் தெருக்களிலும் விடுதிகளிலும் சொல்வோம். தினக்கூலியை இழந்த தம்பிகள் போலீசுக்குப் பயந்து வாய் திறப்பதில்லை. அந்தப் பயம்தான் மிரட்டும் கடன் செயலிகளின் மூலதனம். 1930ஐ அழைக்கச் சொல்வோம். தடைக்குப் பின்னும் நிற்கும் கடனுக்கு அரசிடம் நிவாரணம் கேட்போம்.