கால்வாய்க்கு 11 கல் நட முடியாதா?

திருவொற்றியூருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய்க் கரையில் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள். புகார் சொல்லப் போன் போட்டால் முதல் கேள்வி, "எந்த இடம் சார்?" கால்வாய்க் கரை என்கிறேன். "அது புரியுது சார், கரையில எங்க? தெரு பேரு, டோர் நம்பர் சொல்லுங்க." தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு டோர் நம்பருக்கு நான் எங்கே போவேன்? பாலத்துக்கு வடக்கே, மின்கோபுரம் தாண்டி என்றேன். ஆள் வந்தாராம், இடம் தெரியவில்லையாம், புகாரை முடித்துவிட்டார்கள். குவியல் இன்னும் உயர்ந்துகொண்டே இருக்கிறது.

இத்தனைக்கும் இது மனிதர் அளந்து வெட்டிய கால்வாய். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் பணம் போட, சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காடு தாண்டி ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தின்போது கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் இந்த வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. படகுகள் ஒதுங்கிய நீர்த்துறையால்தான் பேசின் பிரிட்ஜுக்கு அந்தப் பெயரே வந்தது. 2008இல் தேசிய நீர்வழி 4இன் பகுதியாகவும் அறிவித்தார்கள். அப்படியானால் எத்தனையாவது கிலோமீட்டர் என்ற கணக்கு எங்காவது கோப்பில் இருக்கத்தானே வேண்டும்? கரையில் நிற்கிறவன் கண்ணில் படும்படி அதை ஏன் எழுதி வைக்கவில்லை?

பக்கத்திலேயே ரயில் போகிறது. அங்கே மின்கம்பம் ஒவ்வொன்றிலும் எண் இருக்கிறது. தண்டவாளத்தில் ஒரு விரிசல் என்றால் எந்தக் கம்பத்துக்கு அருகே என்று சொல்லிவிடலாம். அந்தக் காலத்திலேயே இந்த அக்கறை இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில், தூரம் காட்ட நட்ட காதக்கல்லில் 29 காதம் என்று வெட்டியதோடு விடவில்லை. எழுத்துத் தெரியாத வழிப்போக்கனும் தடவி எண்ணிக்கொள்ளட்டும் என்று அதே எண்ணைக் குழிகளாகவும் வெட்டி வைத்தார்கள். அந்தக் கரிசனத்தில் கால்வாசி இங்கே இருந்தால் போதும்.

கல் நட்டால் மட்டும் போதாது, பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் 1773ஆம் ஆண்டின் எல்லைத் தூண் ஒன்று நிற்கிறது. ஆறு தூண்கள் நட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. கால்வாய்க் கரைக்கு யார் இருக்கிறார்கள்? தூர்வாருகிறோம் என்று எந்திரம் வரும், அள்ளிய சேற்றைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போகும், அடுத்த மழையில் அது மறுபடி உள்ளே இறங்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் இந்தக் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. மீனவர்கள் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எண்ணெய் எங்கே தேங்கி நிற்கிறது என்று இடம் குறித்துச் சொல்லக் கரையில் எண் வேண்டாமா? வலையும் படகும் பாழான இடத்தை "அந்தப் பக்கம்" என்று கைகாட்டியா நிரூபிப்பது?

காக்ரேன் வெட்டிய தூரத்துக்கு மைலுக்கு ஒன்றாக 11 கல் போதும். கல்லுக்குப் பணமில்லை என்றால், இருக்கிற தடுப்புச் சுவரிலும் பாலங்களிலும் பெயின்ட்டால் எண்ணையாவது எழுதுங்கள். அடுத்த தடவை போன் போடும்போது இத்தனையாவது எண் என்று நான் சொல்கிறேன். இடம் தெரியவில்லை என்று புகாரை முடிக்காதீர்கள்.