பத்தாண்டுக் காப்பும் பல்லாயிரமாண்டு மண்ணும்

பொன்னை இழந்தவன் மீண்டும் ஈட்டலாம். மேல்மண்ணை இழந்த நாடு அதனை எவ்விலை கொடுத்தும் வாங்கவியலாது. ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் வேண்டும். அதனைக் கரைத்துச் செல்ல ஒரு பெருமழை போதும். இதனை அறியாத அரசு இல்லை. அறிந்திருந்தும், மண்காப்புக்கு உழவர்க்கு அளிக்கும் நல்கையைத் தவணைக் கணக்கில் அளப்பதே அரசுகள் செய்யும் பெரும்பிழை. அப்பிழையின் விளைவை அமெரிக்க நாட்டின் விசுகான்சின் மாநிலத்துக் கூன் ஓடைப் பள்ளத்தாக்கிற் கண்கூடாகக் காணலாம்.

வெர்னன் வட்டத்திலும் அதனை அடுத்துள்ள இரு வட்டங்களிலும் பரந்து கிடப்பது அப்பள்ளத்தாக்கு. நார்வே நாட்டிலிருந்து குடியேறிய உழவர் பலர் அங்கு வாழ்ந்தனர். செங்குத்தான சரிவுகளில் அவர்கள் மேலிருந்து கீழாக உழுதனர். மலைக்காடுகளில் மாடுகளை மேயவிட்டனர். புல்லும் புதரும் அழிந்தன. மழைதோறும் மேட்டுமண் கரைந்து தாழ்நிலத்தை மூடியது. சரிவுகளிலே ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவிற்குப் பிளவுகள் விழுந்தன.

1933-ஆம் ஆண்டில் நடுவண் அரசின் மண்ணரிப்புத் தடுப்புத் துறை, நாட்டின் முதல் ஓடைப்படுகைக் காப்புத் திட்டத்திற்கு இப்பள்ளத்தாக்கைத் தேர்ந்தது. அத்துறையின் தலைவர் இயூ ஆமண்டு பென்னட்டு. அரசு உழவரோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. விதை, சுண்ணாம்பு, உரம், வேலிப்பொருள் ஆகியவற்றை அரசு தந்தது. வேலையற்றிருந்த இளைஞரின் உழைப்பையும் தந்தது. உழவர் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வளைந்து செல்லும் பட்டைகளாகப் பயிரிட்டனர். ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்த பட்டையில் வைக்கோற்புல் என மாற்றி வைத்தனர். செங்குத்து நிலத்தினின்று மாடுகளை விலக்கினர். முதலில் ஐயுற்றவரும் அயலான் வயலிற் பயன் கண்டபின் கையொப்பமிட்டனர்.

அதன் பயன் சிறிதன்று. அப்பள்ளத்தாக்கைப் பல்லாண்டு ஆராய்ந்த திரிம்பிள் என்னும் அறிஞர் 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, 1975 முதல் 1993 வரை அங்கு வண்டல் படிந்த விரைவு, 1930-களில் இருந்ததில் ஏறத்தாழ 6 விழுக்காடே. ஒப்பந்தம் முடிந்த பின்னும் உழவர் பட்டைப் பயிரைக் கைவிடவில்லை. ஏன்? அவர்தம் பால்மாட்டுக்குப் புல் வேண்டியிருந்தது. மண்ணைக் காத்த பட்டையே மாட்டையும் காத்தது. காப்பு வாழ்வோடு பிணைந்தமையால் நிலைத்தது.

இந்தப் பிணைப்பே இன்று அறுந்து வருகின்றது. விசுகான்சினில் 2004-இல் 15,000-க்கு மேலிருந்த பால்பண்ணைகள் 2024-இல் 6,000-க்கும் கீழாகக் குறைந்தன. மாடு போயின், புல்லுக்கு வேலையில்லை. புல் போயின், பட்டைக்கு வேலையில்லை. எஞ்சுவன மக்காச்சோளமும் சோயா மொச்சையுமே. இவ்விரு பயிர்க்கும் உழவர் கட்ட வேண்டிய காப்பீட்டுத் தொகையில் நிரவலாகப் பாதிக்கு மேற்பட்ட பங்கை அரசே செலுத்துகின்றது. ஆக, ஒரு கையால் மண்ணைக் காக்கப் பணம் தரும் அரசு, மறு கையால் அம்மண்ணை முழுதும் உழுமாறு பணம் தருகின்றது.

நாடு முழுதும் இதே கதைதான். 1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டம், எளிதில் அரிக்கும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்தாண்டு புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவிடும் உழவர்க்கு ஆண்டு வாடகை அளித்தது. 2007-இல் அவ்வாறு காக்கப்பெற்ற நிலம் 3 கோடியே 68 இலக்கம் ஏக்கர். மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் வடிக்கும் சட்டங்களால் விலை ஏறியது. தவணை முடிந்த நிலங்கள் ஏருக்குத் திரும்பின. 2014-ஆம் ஆண்டுச் சட்டமோ உச்சவரம்பையே 2 கோடியே 40 இலக்கமாகக் குறைத்தது. பத்தாண்டு வளர்ந்த புல்லை ஒரே பருவத்தில் உழுது போட்டனர்.

இதனினும் கொடிது சொல் தவறுதல். 2022-ஆம் ஆண்டுச் சட்டமொன்று மண்காப்புக்கு ஏறத்தாழ 1,950 கோடி தாலர் ஒதுக்கியது. இத்தகைய திட்டங்களில் உழவர் தம் கைப்பொருளை முன்னர்ச் செலவிடல் வேண்டும்; அரசின் பங்கு பின்னரே வரும். 2025-இன் தொடக்கத்தில் ஆட்சி மாறியதும் அப்பணம் நிறுத்தி வைக்கப்பெற்றது. கையொப்பமிட்டு, வேலியும் கட்டி முடித்த உழவர் பலர் கடனோடு காத்துக் கிடந்தனர். ஒருமுறை ஏமாந்த உழவன் மறுமுறை கையொப்பமிடுவானா?

கட்டியதைப் பேணாமையும் இதன்பாற் பட்டதே. 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கூன் ஓடைப் படுகையில் வெள்ளத்தடுப்பு அணைகள் எழுந்தன. 2018 ஆகசுட்டுத் திங்களில் பெய்த பெருமழையில் அவற்றுள் மூன்று உடைந்தன. பெருமழையும் பக்கப்பாறையின் பிளவுமே உடைப்பிற்குக் கரணியம். எனினும், அரை நூற்றாண்டு கடந்த அணைகளை என்செய்வது என்னும் வினா உடைந்த பின்னரே உரத்து எழுந்தது.

"தன் மண்ணை உழவன் தானே காக்கட்டும், வரிப்பணம் ஏன்?" என்பார் உளர். மேட்டில் கரைந்த மண் உடையவன் வேலியோடு நிற்பதில்லை. அது கூன் ஓடையில் இறங்கி, மிசிசிப்பியிற் கலந்து, கடலைக் கெடுக்கின்றது. இழப்பு ஊர்க்கெல்லாம் பொதுவாயின், காப்பும் பொதுவாதலே முறை. "அவ்வாறாயின் பணத்தை மிகுத்தாற் போதுமே" என்பாரும் உளர். போதாது. ஐந்தாண்டுப் பணம் அறுபதாண்டுப் பயன் தந்தது கூன் ஓடையிலேதான். அங்கு அப்பணத்தைத் தாங்க மாடும் புல்லும் இருந்தன. அவை இல்லாத இடத்தில் எத்துணைப் பெருந்தொகையும் தவணையோடு தீரும்.

ஆதலின் அரசுகள் செய்யத்தக்கவை மூன்று. பயிர்க்கு அளிக்கும் நல்கை மண்காப்போடு முரணாதிருத்தல் வேண்டும். காப்புப் பயிரே உழவர்க்கு ஊதியம் தருமாறு சந்தையும் மாடும் பேணப்பெறல் வேண்டும். ஒருகால் இட்ட கையொப்பம் ஆட்சி மாறினும் மாறாதிருத்தல் வேண்டும். ஆட்சிக்குத் தவணை உண்டு, மண்ணுக்கு இல்லை.