நெல்லையின் இன்னொரு ஆறு

நெல்லை என்றால் அல்வா, நெல்லையப்பர், தாமிரபரணி. திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் என்றால் கல் சிற்பங்கள். இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர வேண்டும். நெல்லைக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஒரு மாபெரும் மின்னோட்டம் ஓடுகிறது. தாமிரபரணியைப் போலவே அதுவும் கிழக்கு நோக்கித்தான்!

இது கட்டுக்கதை இல்லை. சூரிய ஒளி பட்டு மேல் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிகின்றன. வெயிலின் சூட்டால் அங்கே எழும் காற்று அவற்றைப் பூமியின் காந்தப்புலத்துக்குக் குறுக்கே தள்ள, மின்சாரம் பிறக்கிறது. சைக்கிள் டைனமோவின் தத்துவம்தான். பாபநாசம் மின் நிலையத்தில் தண்ணீர் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோட்டின் அருகில் மட்டும் இந்த ஓட்டம் பல மடங்கு வலுக்கிறது. நெல்லை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1951இல் சிட்னி சாப்மன் இதற்கு எலெக்ட்ரோஜெட் என்று பெயர் வைத்தார்.

இதை அளப்பதற்காகவே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. சிற்பம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. எலெக்ட்ரோஜெட் நண்பகலில் அதில் கூட்டுவது 100 நானோடெஸ்லா அளவுதான். 400 ரூபாயில் ஒரு ரூபாய் வித்தியாசத்தைப் பிடிக்கிற கணக்கு இது. பக்கத்தில் இரும்பும் மின்சாரமும் பெருகினால் அந்த ஒரு ரூபாய் தொலைந்துவிடும்.

பம்பாயில் அதுதான் நடக்க இருந்தது. கொலாபா ஆய்வகத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து காந்தப்புலத்தை அளந்து வந்தார்கள். நகரத்துக்கு மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், 1904இல் அலிபாகில் புது ஆய்வகம் திறந்தார்கள். டிராம் வருவதற்கு முன்பே யோசித்ததால் அளவீட்டுத் தொடர் அறுபடவில்லை.

நெல்லையும் வளர்கிறது, வளரட்டும். ஆனால் கிருஷ்ணாபுரத்தைச் சுற்றி ஒரு மின்பாதையோ தொழிற்சாலையோ திட்டமிடும்போது, ஆய்வகத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். விட்டுப்போன ரசீதைத் தேடி எடுத்து விடலாம். விட்டுப்போன ஒரு நாளின் காந்தப்புலத்தை யாராலும் திரும்ப அளக்க முடியாது.

ஆற்றில் மணல் அள்ளினால் கேட்க நெல்லையில் ஆள் உண்டு. வானத்து ஆற்றுக்கும் நாலு பேர் வேண்டாமா?