ஓதச் சுவருக்கு வாடகைக்காரரா பொறுப்பு?

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நம்மவர்கள் பலரும் கண்ட வழக்கம் இது. முன்பணத்தைத் திருப்பித் தரும்போது, "பெயிண்டிங் செலவு" என்று ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்கிறார். குடியிருந்தவர் ஆணி அடித்துச் சுவரைக் கெடுத்திருந்தால், கொடுக்கட்டும். ஓதம் ஏறி, உப்புப் பொரிந்து, சுண்ணாம்பு உதிர்ந்ததற்கும் அவரா பொறுப்பு?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறும். அதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்தின் மேல், சுவர் எழுப்பும் முன், நீர் புகாத கலவையில் ஓதத்தடுப்புப் பட்டை போடுகிறார்கள். அந்தச் சிறு செலவை மிச்சம் பிடித்த வீட்டில், எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் பயன் இல்லை. உள்ளே இருக்கும் ஈரமும் உப்பும் பெயிண்டைத் தள்ளி உதிர்த்துவிடும்.

இந்த நகரில் இது இன்னும் முக்கியம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. கோரமங்களா பக்கத்து எஸ்.டி. பெட் லேஅவுட் என்ற பெயருக்கே சீனிவாகிலு ஏரிப்படுகை என்றுதான் பொருள். ஏரியை மூடலாம், தண்ணீர் வரும் வழியை மறக்கச் செய்ய முடியாது.

தரைக்குக் கீழே தளம் கட்டுவோருக்கு இன்று ஒரு முறை உண்டு. கேவிட்டி மெம்பரேன் என்பார்கள். குமிழ் குமிழாகப் புடைத்த கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரின் உட்புறம் பொருத்துகிறார்கள். சுவருக்கும் தாளுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. கசியும் நீர் அதன் வழியே இறங்கி, தரையோரக் கால்வாயில் ஓடி, குழியில் சேரும். மோட்டார் அதை வெளியேற்றும். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்கு வழி விடும் முறை இது. ஆனால் மோட்டார் நின்றால் எல்லாம் நின்றது. ஆகவே மாற்று மோட்டாரும், கரண்ட் போனால் பேட்டரியும் வேண்டும். கால்வாயை அவ்வப்போது சுத்தம் செய்யவும் வேண்டும்.

இது வசதி பற்றிய பேச்சு மட்டுமல்ல, உயிர் பற்றிய பேச்சு. 2025 மே மாதம் பி.டி.எம். லேஅவுட் பகுதியில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்றபோது, மின்சாரம் தாக்கி 63 வயது மனிதரும் 12 வயதுச் சிறுவனும் மாண்டனர். கட்டும்போதே தண்ணீருக்கு வழி செய்யாத கட்டடங்களில், மழை கொட்டும் நேரத்தில் வாட்ச்மேனும் குடியிருப்பவர்களும் வெறுங்காலோடு இறங்க நேர்கிறது.

மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், வெள்ளையடிப்பதையும் கட்டட அமைப்பின் பழுதுகளைச் சரிசெய்வதையும் வீட்டுக்காரரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது செல்லும் என்றாலும், நியாயம் எந்தப் பக்கம் என்பது தெளிவு.

நம்மவர்கள் செய்ய வேண்டியது என்ன? வீடு பார்க்கும்போது அலமாரிக்குப் பின்னாலும் சுவரின் அடியிலும் கை வைத்துப் பாருங்கள். குடிபுகும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். "ஓதத்தால் வரும் சேதத்துக்குப் பிடித்தம் இல்லை" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் கேட்டு எழுதுங்கள். தண்ணீர் தேங்கினால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தும் வரை யாரும் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

வாடகை கொடுப்பவர் கேட்பது தயவு அல்ல. கொடுத்த பணத்துக்குக் காய்ந்த சுவர்.