கோபித்துக்கொண்டு போக இடமில்லை

அமெரிக்காவில் 'ஆர்.வி.' என்று ஒரு வாகனம் இருக்கிறது. முன்னால் லாரி, அதன் முதுகில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், டாய்லெட், சாப்பாட்டு மேஜை (ராத்திரி மடக்கினால் கட்டில்), டிரைவர் தலைக்கு மேலே ஒரு பரண் (அதுவும் கட்டில்தான்). இத்தனையும் இருபத்தைந்தே அடி நீளத்துக்குள். நத்தைக்கு டிரைவிங் லைசென்ஸ் கொடுத்தது மாதிரி!

போன ஜூன் மாதம் இந்த நத்தைக்குள் நான்கு நாள் குடியிருந்தேன்.

ஃபீனிக்ஸில் இருக்கும் அக்காவின் மகன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டான். ஆகஸ்டில் காலேஜ். "அப்புறம் அவன் ஹாஸ்டல், நாங்க வீடுன்னு ஆயிடும். ஒண்ணா ஒரு டிரிப் போயிடணும்டா" என்று அக்கா ஜனவரியிலேயே ஆர்.வி. புக் பண்ணிவிட்டாள். கேன்சல் செய்தால் பணம் திரும்பாது. அத்தான், பையன், ஏழாவது படிக்கும் பொண்ணு. ஐந்தாவது ஆளாக என்னையும் டிக்கெட் அனுப்பி வரவழைத்தாள்.

"நீ பி.காம். தானே? கணக்கு எழுது" என்று ஒரு நோட்டைக் கையில் கொடுத்தாள். தம்பிகளின் பட்டப்படிப்பு இப்படித்தான் குடும்பத்துக்குப் பயன்படுகிறது.

எழுதினேன். நாள் வாடகை தனி. ஓடுகிற மைலுக்குத் தனி. ஜெனரேட்டர் போட்டால் மணிக்கணக்கில் தனி. ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் தருவதற்கே வண்டி மூக்கால் அழுதது. ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 145 மைல். 1,100 அடி உயரத்திலிருந்து 7,000 அடிக்கு ஏற வேண்டும். நாங்கள் ஏறிய வேகத்தில் எங்களை முந்தாதது சாலையோர மைல் கல் மட்டும்தான்.

இதில் ஆச்சரியம் அத்தான். சாதாரணமாக அவர் ஸ்டாப் வாட்ச் மனிதர். இருபது வருஷமாக எந்த டூர் போனாலும் இன்டர்ஸ்டேட்டில் ஏறுவார், சேர வேண்டிய இடத்தில்தான் இறங்குவார். பாத்ரூம் போகிறவர்களுக்கு ஏழு நிமிஷம் டயம். அந்த மனிதர் இந்த முறை கடிகாரத்தையே பார்க்கவில்லை. முந்துகிறவனைத் திட்டவுமில்லை. போன் வந்தால் மட்டும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிப் போய்ப் பேசினார். டிரையல் பாலன்ஸில் எங்கேயோ இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. 'நமக்கென்ன, நாம் கெஸ்ட்' என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் தேடிப் போனது ரூட் 66. சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா கடற்கரை வரை 2,448 மைல், எட்டு மாநிலங்கள். 1926 நவம்பரில் பிறந்த சாலை. 2026-ல் நூறு வயது. இதற்காகப் பாடுபட்ட சைரஸ் ஏவரி, ஓக்லஹோமாவின் டல்ஸா நகரத்துக்காரர். சின்னச் சின்ன ஊர்களின் கடைத்தெருக்களையே கோத்து நெடுஞ்சாலையாக்கினார்கள். அதனால் நேராகப் போகாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்று நின்று போகும். 1930-களில் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்து, நிலத்தை இழந்த விவசாயிகள் சட்டி பானையை வண்டியில் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனதும் இதே வழியாகத்தான்.

1956-ல் ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடு முழுக்க இன்டர்ஸ்டேட் சாலைகள் வந்தன. அகலமானவை, நேரானவை, எந்த ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் நுழையாதவை. ஒவ்வொரு ஊராக பைபாஸ் ஆயிற்று. கடைசியாக மாட்டியது அரிசோனாவின் வில்லியம்ஸ், 1984-ல். அடுத்த வருஷமே ரூட் 66-ஐ அரசாங்கப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வருஷ சர்வீஸ்!

முதல் ராத்திரி அந்த வில்லியம்ஸில் தங்கினோம். ஆர்.வி. பார்க் என்றால், வரிசையாக மேடை, மேடைக்கு ஒரு கரண்ட் கம்பம், ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் ஒரு சாக்கடை ஓட்டை. கரண்ட் 30 ஆம்பியர்தான். அக்கா ரைஸ் குக்கரைப் போட, பையன் மைக்ரோவேவைத் தட்ட, பொண்ணு ஏ.சி.யைப் போட, 'டப்' என்று எல்லாம் அணைந்தது. அன்று அரைவேக்காட்டுச் சோறு.

காலையில் இன்னொரு பாடம். ஆர்.வி.யின் வயிற்றில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். இரண்டாவது சாம்பல் தொட்டி. குளித்தது, பாத்திரம் கழுவியது. மூன்றாவது கறுப்புத் தொட்டி. அதில் என்ன என்று விளக்க வேண்டாம். 'டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்' என்று காலேஜில் நெட்டுரு போட்டேனே, அதன் முழு அர்த்தம் அன்றுதான் விளங்கியது. தடித்த குழாயை மாட்டி, முதலில் கறுப்புத் தொட்டியின் வால்வைத் திறக்க வேண்டும். அப்புறம் சாம்பல். அந்தத் தண்ணீர் போகிற போக்கில் குழாயையும் கழுவிவிடும். அத்தானும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடித்தோம். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. "அது ஆம்பளைங்க டிபார்ட்மென்ட்."

மறுநாள் செலிக்மன். இன்டர்ஸ்டேட் 40 ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர். அங்கே 'ஸ்னோ கேப்' என்று ஒரு கடை. ஹுவான் டெல்கடீயோ என்பவர் 1953-ல் கட்டியது. கதவில் இரண்டு கைப்பிடி, ஒன்று டூப்பு. நான் அதைத்தான் பிடித்து இழுத்தேன். மெனுவில் 'செத்த கோழி' என்று போட்டிருக்கிறது. கடுகு சாஸ் கேட்டால் பாட்டிலை நம் மேல் பீய்ச்சுவார்கள். அலறிக் குதித்தால், வந்தது வெறும் மஞ்சள் நூல்! ஹுவான் 2004-ல் மறைந்துவிட்டார். குறும்பைக் குடும்பம் காப்பாற்றுகிறது.

அவருடைய தம்பி ஏஞ்சல் டெல்கடீயோ 1927-ல் அதே ஊரில் பிறந்தவர், முடி திருத்துபவர். 1978 செப்டம்பர் 22-ம் தேதி இன்டர்ஸ்டேட்டைத் திறந்தார்கள். வாசலில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கார்கள் அன்றோடு நின்றுபோயின. தெருவில் ஈ, காக்காய் இல்லை. பலர் ஊரைக் காலி செய்தார்கள். இவர் நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார், கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். 1987-ல் ஊர்க்காரர்களைக் கூட்டி, 'நாம இன்னும் இங்கேதான் இருக்கோம்னு சொல்வோம்' என்கிற ரீதியில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அந்த வருஷமே மாநில அரசு செலிக்மன் முதல் கிங்மன் வரையிலான சாலையை 'சரித்திரச் சாலை' என்று அறிவித்தது. டூரிஸ்டுகள் திரும்பி வந்தார்கள். 2006-ல் வந்த 'கார்ஸ்' கார்ட்டூன் படத்தில் வரும் கைவிடப்பட்ட ஊருக்கு இவர் சொன்ன கதைதான் ஒரு தூண்டுதல்.

அந்த நாற்காலி இன்றும் கடையில் இருக்கிறது. எல்லாரும் போட்டோ எடுத்து முடித்த பிறகும் அத்தான் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

ராத்திரி சாப்பாடு முடிந்தது. ஐந்து பேரும் அந்தக் குட்டி மேஜையைச் சுற்றி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அத்தான் ஆரம்பித்தார்.

"அந்தக் கடைக்காரர் வாயைத் திறக்க ஒன்பது வருஷம் ஆச்சு... எனக்கு ஆறு வாரம். ஏப்ரல்லயே என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

யாரும் அசையவில்லை.

"தினம் காலையில பையைத் தூக்கிட்டுப் போனீங்களே?" என்றாள் அக்கா.

"லைப்ரரிக்கு."

"நான் கட்டிக் குடுத்த தயிர் சாதம்?"

"உள்ளே சாப்பிடக் கூடாதாம். கார்ல உட்கார்ந்து சாப்பிட்டேன்."

ஃபீனிக்ஸில், மே மாதத்தில், காருக்குள்! வேலை போனதற்குக் கலங்காத அக்காவின் முகம் அதற்குக் கலங்கியது. அடுத்த நொடி கோபம் வந்தது. "இருபது வருஷம் கூட இருந்தவகிட்ட சொல்ல முடியல இல்ல?" என்று விருட்டென எழுந்தாள்.

எழுந்து எங்கே போவது? மூன்றே எட்டு வைத்தால் பின்பக்க பெட்ரூம். அங்கே அத்தானின் தலையணை. வெளியே கும்மிருட்டு. மொத்த அமெரிக்காவிலும் கோபித்துக்கொண்டு போக முடியாத ஒரே வீட்டில் அன்று நாங்கள் இருந்தோம். திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டாள். அது முழுசாக மூடவில்லை.

பையன் மெதுவாக, "அப்பா, முதல் ரெண்டு வருஷம் வீட்டுப் பக்கத்துலயே கம்யூனிட்டி காலேஜ்ல படிக்கிறேனே. ஃபீஸ் ரொம்பக் கம்மி" என்றான்.

"நீ சும்மா இருடா" என்றார் அத்தான். குரல் ஒழுங்காக வரவில்லை.

பொண்ணு என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் கணக்கு நோட்டைப் பிரித்து, ஏற்கெனவே எழுதிய பெட்ரோல் செலவை மறுபடி எழுதினேன். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் ரயில் ஒன்று ஊரையே உலுக்கிக்கொண்டு போனது. அது போய் முடிய ரொம்ப நேரம் ஆயிற்று.

காலையில் அத்தான் தனியாகக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். நான் கிளவுஸைத் தேடினேன். காணோம். பார்த்தால், அக்கா கையில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்!

"தள்ளுங்க. நீங்க வால்வைத் திறங்க, குழாயை நான் பிடிக்கிறேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை..."

"பிடிக்கிறேன்னு சொன்னேன்ல? திறந்து விட்டுட்டு லைப்ரரிக்குப் போயிடாதீங்க!"

முதலில் கறுப்பு. அப்புறம் சாம்பல்.

கிளம்பும்போது அத்தான் கேட்டார். கிங்மனுக்கு இன்டர்ஸ்டேட்டில் போகலாமா, பழைய சாலையில் போகலாமா? பழையது சுமார் 87 மைல், சுற்று வழி.

"பழைய ரோட்லயே போங்க" என்றாள் அக்கா. "இப்ப என்ன அவசரம், ஆபீஸுக்கா லேட்டாகுது?"

ஒரு விநாடி பயமாக இருந்தது. முதலில் சிரித்தது அத்தான்தான்.

பையன் வீட்டிலிருந்தே காலேஜ் போகிறான். அத்தானுக்கு இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. தினம் ஒரு விண்ணப்பம், வாரத்தில் மூன்று நாள் ஒரு சின்ன கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறார். அக்கா என் நோட்டில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "அடுத்த டிரிப் பஸ்ல" என்று சொல்லிவிட்டாள்.

ஆபீஸ் போகும் நண்பர்களே, என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுங்கள். திட்டு விழும்தான். ஆனால் தயிர் சாதத்தையாவது ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடலாம்.